எதை நோக்கி இந்த மூச்சு?

1952 ஆகஸ்ட் மாதம். கோபன்ஹேகன் நகரின் பிளெக்டம் மருத்துவமனைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டவர்கள் நாள்தோறும் வந்து குவிந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். போலியோ கிருமி காலை இயக்கும் நரம்பைத் தாக்கினால் கால் சூம்பும். மூச்சை இயக்கும் நரம்பைத் தாக்கினால் உயிரே போகும். அந்த மருத்துவமனையில் இருந்தவை ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின் மேல் கவசம்போல் மாட்டுகிற ஆறு கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கி வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

இரும்பு நுரையீரல் என்பது 1928-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட கருவி. கழுத்துக்குக் கீழே முழு உடலையும் உள்ளே வைத்து மூடும் பெட்டி அது. பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், காற்று உள்ளே போகும்; அழுத்தம் ஏறினால் மார்பு அமுங்கும், காற்று வெளியேறும். ஆனால் விழுங்கும் தசையும் சேர்ந்து முடங்கிய பிள்ளைக்கு எச்சிலும் சளியும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதைப் பெட்டியால் தடுக்க முடியாது.

தலைமை மருத்துவர் லாஸன் வேறு வழி தெரியாமல் பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருத்துவரைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் மயக்க மருத்துவருக்கு அறுவை அரங்குக்கு வெளியே வேலை கிடையாது. நோயாளிகளின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தொடர்பான அளவுகள் எகிறியிருந்தன. ஏதோ புரியாத காரத்தன்மைக் கோளாறு என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். இப்ஸன் அதை வேறு மாதிரி படித்தார்: இந்தப் பிள்ளைகளின் உடலுக்குள் கழிவுக் காற்று தேங்கிக்கொண்டிருக்கிறது; அதுதான் கொல்கிறது.

ஆகஸ்ட் 27 அன்று, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அவர் அதைச் செய்து காட்டினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். முதலில் எதுவும் சரியாக நடக்கவில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டு காற்றை ஏற்க மறுத்தது. பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் நம்பிக்கை இழந்து நகர்ந்தார்கள். இப்ஸன் மயக்க மருந்து கொடுத்து அவளுடைய போராட்டத்தை நிறுத்தினார். பிறகு ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி அவளுக்காகத் தாமே மூச்சு விட்டார். சிறுமியின் நிறம் திரும்பியது.

ஒரு சிறுமிக்கு ஒரு கை போதும். ஒரே நேரத்தில் 70 பேருக்கு? மருத்துவக் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக, கட்டிலருகே உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். மின்சாரம் தேவைப்படவில்லை, விசை தேவைப்படவில்லை. பேச முடியாத பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் காற்று போதுமா என்று தெரிந்துகொண்டார்கள். கதை படித்துக் காட்டினார்கள். தம் கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இறந்துபோவதையும் சிலர் பார்த்தார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நூற்றுக்கு 87 என்றிருந்த சாவு அந்தக் கொள்ளைநோய் அடங்குவதற்குள் அதில் பாதிக்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் இப்ஸன் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மருத்துவ வரலாறு எழுதும்போது குறிப்பிடுகிறார்கள். இன்று நம் ஊர் 108 வண்டிக்குள் தொங்கும் ஆம்பு பையும் 1956-இல் அதே டென்மார்க்கில் பிறந்ததுதான்.

இந்தக் கதையை மனிதநேயத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் நம் கண்ணில் படாமல் நழுவிவிடும் உண்மை ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்த ரப்பர் பை போலியோவைக் குணப்படுத்தவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாணவர்கள் கொடுத்தது நேரம் மட்டும். அந்த நேரத்துக்குள் சில உடல்கள் தாமே மீண்டன, சில மீளவில்லை.

வழியில் வண்டி பஞ்சர் ஆனால் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்துகிறோம். ஜாக்கி பஞ்சரை ஒட்டாது. சக்கரம் கழன்ற வண்டியை விழாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. வென்டிலேட்டரும், டயாலிசிஸ் இயந்திரமும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். உள்ளே நடக்க வேண்டிய வேலையை வேறு யாரோ, பெரும்பாலும் உடலே, செய்து முடிக்க வேண்டும்.

*

மருத்துவமனைக்கு வெளியே, மனிதன் தன் உடலோடு போகத் தகாத இடங்களுக்குப் போனபோதும் இதே பாடம்தான் கிடைத்தது.

1970 ஏப்ரல் 13 அன்று பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. தாய்க்கலம் செயலிழந்தது. ஜிம் லவெல், ஜாக் ஸ்விகெர்ட், பிரெட் ஹெய்ஸ் மூவரும் நிலவில் இறங்குவதற்காக இணைத்திருந்த சிறு கலத்துக்குள் நுழைந்தார்கள். அது இரண்டு பேருக்கு, சுமார் 45 மணி நேரத்துக்கென்று செய்யப்பட்டது. மூன்று பேர் அதில் சுமார் 90 மணி நேரம் உயிரோடிருக்க வேண்டும்.

ஆக்சிஜன் தொட்டி வெடித்தது என்றதும், மூச்சுக்காற்று தீர்ந்துதான் சாவார்கள் என்று தோன்றும். நடந்தது அதுவல்ல. அந்தச் சிறு கலத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தது. கடைசியில் கலத்தைக் கழற்றிவிடும்போதுகூடப் பாதிக்கு மேல் மிச்சம். அவர்களைக் கொல்லவிருந்தது அவர்களே வெளிவிட்ட மூச்சு. ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறான். மூடிய இடத்தில் அந்த ஒரு கிலோவை யாராவது அள்ளிக் கொட்டியாக வேண்டும். அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் சிறு கலத்தில் வட்ட வடிவில் இருந்தன, அவை தீர்ந்துகொண்டிருந்தன. தாய்க்கலத்தில் நிறைய டப்பாக்கள் மிச்சமிருந்தன, ஆனால் சதுர வடிவில். தரையில் இருந்த பொறியாளர்கள், கலத்துக்குள் என்னென்ன பொருள் இருக்கும் என்று பட்டியல் போட்டு, பிளாஸ்டிக் பை, குறிப்பேட்டின் அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், ஒட்டு நாடா ஆகியவற்றால் சதுர டப்பாவை இணைக்கும் முறையைக் கண்டுபிடித்து, வானொலியில் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் முள் இறங்கியது.

பிளெக்டமில் இப்ஸன் அழுத்திய பையோடு இணைத்திருந்ததும் இதே வேலையைச் செய்யும் ஒரு டப்பாதான். அதற்குள் சோடா சுண்ணாம்பு. இன்றும் மயக்க மருத்துவ இயந்திரத்தின் ஓரத்தில் வெள்ளை மணிகள் நிறைந்த, ஒளி ஊடுருவும் குடுவை ஒன்றைப் பார்க்கலாம். உறிஞ்சும் திறன் தீரத் தீர நிறம் மாறும். கடலடியில் குமிழி விடாமல் நீந்தும் முக்குளிப்பவரின் முதுகுப் பையிலும் அதே மணிகள் உண்டு. அறுவை அரங்கும் ஆழ்கடலும் விண்வெளியும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகின்றன. பிழைத்திருக்கக் கொண்டுவந்து சேர்ப்பது பாதி வேலை. கழிவை வெளியேற்றுவது மறுபாதி. நாம் நினைவில் வைத்திருப்பது முதல் பாதியை மட்டும்.

*

கொண்டுவந்து சேர்ப்பதிலும் எவ்வளவு போதும் என்றொரு கேள்வி உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சில மருத்துவர்கள் எவரெஸ்ட்டே ஏறினார்கள்.

2007 மே மாதம். பிரிட்டன் மருத்துவர்கள் சிலர் உச்சியைத் தொட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். முகமூடியைக் கழற்றி, அந்த உயரத்தின் வெறுங்காற்றைச் சுவாசித்தபடி சற்று நேரம் இருந்தார்கள். கனத்த உடுப்பைத் திறந்து, ஒருவர் தொடையில் மற்றவர் ஊசியேற்றித் தமனி ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தை ஒரு ஷெர்ப்பா விரைந்து இறங்கி 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான்கு பேரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மில்லிமீட்டர் பாதரசம். ஒருவருக்கு வெறும் 19.1. நலமாக இருக்கும் ஒருவருக்குச் சமவெளியில் அது 75-க்குக் குறையாது. கொரோனா காலத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி 94-க்குக் கீழே போகிறதா என்று பார்த்துப் பதறினோமே, அந்தச் செறிவுக் கணக்கில் இந்த நால்வரின் சராசரி சுமார் 54. அந்த நிலையிலும் அவர்கள் நினைவோடு இருந்தார்கள், ஊசி போட்டார்கள், நடந்து இறங்கினார்கள்.

சமவெளியில் இருப்பவரைத் திடீரென்று அந்த உயரத்தில் கொண்டுபோய் இறக்கினால் சில நிமிடங்களில் நினைவிழப்பார். மலையேறிகள் வாரக்கணக்கில் ஏறி இறங்கி ஏறி, உடலுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில் உடல் தன்னையே மாற்றிக்கொண்டது. இந்த ஆய்வின் நோக்கம் மலையேற்றம் அல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவு. நிமோனியாவில் நுரையீரல் நிரம்பிய ஒருவர் தன் ஊரில், தன் கட்டிலில் படுத்தபடியே எவரெஸ்ட் உயரத்தில் இருக்கிறார். அவருடைய எண்களை எப்பாடுபட்டாவது சமவெளி எண்ணுக்குத் தூக்கியே தீரவேண்டுமா, அல்லது குறைவோடு வாழப் பழகும் உடலுக்குக் கொஞ்சம் இடம் விடலாமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அதைக் கேட்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. உயிர்காக்கும் கருவி அளவு மீறினால் அதுவே காயப்படுத்தும் என்று மருத்துவம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து, நல்லதுதானே என்று ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். விழித்திரை பாழாகி உலகெங்கும் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பிழைக்க வைத்த காற்றேதான் கண்ணைப் பறித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள், கடுமையாகப் பழுதான நுரையீரலுக்குள் வென்டிலேட்டர் வழியே பெரிய பெரிய மூச்சுகளைத் தள்ளுவது வழக்கமாக இருந்தது. 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 861 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வழக்கமான பெரிய மூச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதில் பாதியளவு மூச்சு பெற்றவர்களில் 31 பேர். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. குறைத்துக் கொடுத்ததுதான் சிகிச்சை.

இன்னொரு பக்கம், நேரத்தை எந்தக் கருவியும் இல்லாமல் இயற்கையே கொடுத்த விந்தையும் உண்டு. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் பகுதியில் பனிச்சறுக்கு விளையாடிய அன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் மருத்துவர் தலைகீழாக ஓடைக்குள் விழுந்து பனிப்பாளத்தின் கீழே மாட்டிக்கொண்டார். 80 நிமிடம் கழித்து வெளியே இழுத்தபோது இதயம் நின்றிருந்தது. டிராம்சோ மருத்துவமனையில் பதிவான உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். தொட்டால் பிணம். ஆனால் அவரது மூளை அதற்குள் பெரிதும் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த மூளைக்குத் தேவை குறைவு. மருத்துவர்கள் கைவிடவில்லை. இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தை மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். இதயம் துடித்தது. வென்டிலேட்டரில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார், எழுந்தார், தம்மைக் காப்பாற்றிய அதே மருத்துவமனையில் பின்னாளில் மருத்துவராக வேலை பார்த்தார்.

உறைபனியும் ரப்பர் பையும் விண்கலத்து டப்பாவும் செய்தது ஒரே வேலை. எதுவும் குணமாக்கவில்லை. எல்லாம் காலத்தைப் பிடித்து நிறுத்தின.

*

நேரம் கிடைத்துவிட்டால் போதுமா? அப்போலோ 13-இன் கதையில் பலரும் கவனிக்காத ஒரு வரிசை இருக்கிறது. ஒட்டு நாடாவால் டப்பாவை இணைத்ததைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அது வெடிப்பு நடந்து ஒரு நாளுக்கும் மேல் கழித்து நடந்தது. அதற்கு வெகு முன்பே, வெடித்த ஆறு மணி நேரத்துக்குள், அவர்கள் செய்த காரியம் வேறு. சிறு கலத்தின் இயந்திரத்தை அரை நிமிடம் இயக்கிப் பாதையைத் திருத்தினார்கள். அப்போது இருந்த பாதையில் போயிருந்தால் கலம் பூமிக்கு வந்து சேராமல் விலகிப் போயிருக்கும். அந்தப் பாதையில் எத்தனை டப்பாவை ஒட்டினாலும் பயனில்லை. முதலில் எங்கே போகிறோம் என்பதை முடிவு செய்தார்கள். பிறகுதான் அங்கே போய்ச் சேரும்வரை எப்படி மூச்சு விடுவது என்பது.

நம் ஐசியு வாசல்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. நள்ளிரவில் ஒரு கையெழுத்து. "வென்டிலேட்டர் போடணும், இல்லேன்னா கஷ்டம்." யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? போடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியான முடிவுதான். அந்த நிமிடத்தில் நோயாளி எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வாரம் போகிறது, இரண்டு வாரம் போகிறது. வாசலில் பாய் விரித்திருக்கும் உறவுகள் டியூட்டி டாக்டரிடம் கேட்பது பிரஷர் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சிறுநீர் போகிறதா என்று. எல்லாம் எண்கள். டாக்டரும் எண்களிலேயே பதில் சொல்கிறார். "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்லை", "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்." நகை அடகுக்குப் போகிறது, நிலப்பத்திரம் வெளியே வருகிறது. இந்த வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் இருபுறமும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் கைவிட்டதுபோல் ஆகிவிடுமோ என்று உறவுகளுக்குப் பயம். சொன்னால் பழி வந்துவிடுமோ என்று மருத்துவருக்குப் பயம்.

அந்தக் கேள்வியைக் கேட்பது கைவிடுவதாகாது. பிளெக்டமில் பை அழுத்திய மாணவர்களுக்கு எதற்காக அழுத்துகிறோம் என்பது தெரிந்திருந்தது: தசை மீளும்வரை. டிராம்சோவில் தெரிந்திருந்தது: உடல் சூடாகும்வரை. "வரை" என்று சொல்ல ஓர் இடம் இருந்ததால்தான் அவர்களால் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் தளராமல் நிற்க முடிந்தது.

அந்த இடம் எப்போதும் முழு குணம்தான் என்று நினைத்தால் அதுவும் தவறு. கோபன்ஹேகனில் பிள்ளைகள் மூச்சுக்குத் திணறிய அதே 1952-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆறு வயதுச் சிறுவன் பால் அலெக்சாண்டருக்கும் போலியோ வந்தது. அவனை இரும்பு நுரையீரலுக்குள் வைத்தார்கள். தசைகள் மீளவே இல்லை. அந்த இயந்திரத்தோடே அவர் வளர்ந்தார். தவளைபோல் காற்றை வாயால் கவ்வி விழுங்கிச் சில மணி நேரம் வெளியே இருக்கக் கற்றுக்கொண்டார். சட்டம் படித்து 1980-களில் வழக்கறிஞர் ஆனார். வாயில் கவ்விய குச்சியால் விசைப்பலகையைத் தட்டித் தம் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். 2024 மார்ச் மாதம் 78 வயதில் இறந்தார். அவரிடம் போய், இயந்திரத்தில் வாழ்வது ஒரு வாழ்வா என்று கேட்டிருக்க முடியுமா? பிளெக்டமின் அந்த 12 வயதுச் சிறுமிக்கும் கைகால் திரும்பவில்லை. ஆயினும் 1971 வரை வாழ்ந்தாள். இன்று நம் ஊர்களில் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வந்து, மறுநாள் கடையைத் திறக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இயந்திரம் வெறும் காத்திருப்பாக இல்லை. வாழ்வின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஆகவே ஒருவர் இயந்திரத்திலிருந்து விடுபடுகிறாரா என்பது உண்மையான அளவுகோல் இல்லை. கிடைக்கும் நேரத்தில் அவர் தமக்கு வேண்டிய வாழ்வுக்கு, அது எத்தனை சிறியதாக இருந்தாலும், போய்ச் சேருகிறாரா என்பதே அளவுகோல். ஒருவருக்குப் பேரன் முகத்தை அடையாளம் கண்டால் போதும். இன்னொருவருக்குத் தாமே எழுந்து கழிப்பறை போக முடியாவிட்டால் வாழ்வு வேண்டாம். இருவரும் சரி. எந்த இடம் தமக்குச் சம்மதம் என்பதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆக்சிமீட்டரோ வென்டிலேட்டரின் திரையோ அதைச் சொல்லாது. மருத்துவரின் படிப்பும் சொல்லாது. மகனின் பாசமும் சொல்லாது.

சேர வேண்டிய இடமே இல்லாமல் போய்விடும் நிலையும் உண்டு. மூளைச்சாவு. வென்டிலேட்டர் ஓடும், மார்பு ஏறி இறங்கும், தொட்டால் உடல் சூடாக இருக்கும். திரும்பி வர யாரும் இல்லை. வென்டிலேட்டர் வருவதற்கு முன் அப்படியொரு நிலையை மனிதகுலம் கண்டதே இல்லை. அதற்கு இலக்கணம் வகுக்க 1968-இல் ஹார்வர்டில் குழு கூட வேண்டியிருந்தது. அங்கேயும், தம் துக்கத்தின் நடுவே, இந்த நேரத்தை வேறு யாருக்காவது திருப்பிவிடலாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் உண்டு. 2008 முதல் தமிழ்நாடு உறுப்புக் கொடையில் முன்னே நின்றது அப்படிப்பட்ட குடும்பங்களால்தான். தன் மகனுக்குப் பயன்படாத சில மணி நேர மூச்சு, முகம் தெரியாத இன்னொருவருக்குப் பல ஆண்டு வாழ்வாகிறது. இங்கும் கருவியைப் பொருளுள்ளதாக்கியது அதற்குக் கிடைத்த திசைதான்.

*

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது. உயிர்காக்கும் கருவிகள் நமக்கு உயிரைக் கொடுப்பதில்லை, நேரத்தைக் கொடுக்கின்றன. நேரம் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கக் கைகள் வேண்டும். அது செல்லத் திசை வேண்டும். கைகள் இல்லாவிட்டால் அந்த நேரம் கிடைக்காது. திசை இல்லாவிட்டால், கிடைத்த நேரம் நீளமான வேதனை. கைகளைப் பிறர் தரலாம். செவிலியர் தருகிறார், மாணவர் தருகிறார், வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனையில் ஆம்பு பையை இரவெல்லாம் அழுத்தும் தம்பி தருகிறான். திசையைப் பிறர் தர முடியாது.

சட்டம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை ஏற்றது. லிவிங் வில் என்று அதைச் சொல்கிறார்கள். முதலில் விதித்த நடைமுறை யாராலும் நிறைவேற்ற முடியாதபடி சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தம்மால் பேச முடியாத நிலையில் தமக்காகப் பேசுகிறவர் பெயரையும் அதில் குறிப்பிடலாம். அந்த ஆவணம் இருந்தாலும் மருத்துவர்கள் உடனே கருவியைக் கழற்றிவிட மாட்டார்கள்; மருத்துவமனை அமைக்கும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு இடமில்லாத ஏற்பாடுதான்.

ஆனால் எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது? சீர்வரிசை பேசுகிறோம், பாகப்பிரிவினை பேசுகிறோம், தகனமா அடக்கமா என்றுகூடச் சில பெரியவர்கள் சொல்லி வைக்கிறார்கள். கடைசி மூச்சு எதற்காக, எதுவரை என்பதை மட்டும் அபசகுனம் என்று வாய் மூடுகிறோம். கடைசியில் அந்த முடிவு, தூக்கம் கெட்ட ஒரு மகளின் தலையில், நள்ளிரவில், பேனாவோடு வந்து இறங்குகிறது. அவள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பாள். "அப்பா இப்படித்தான் சொன்னார்" என்ற ஒரு வாக்கியம் கையில் இருந்தால் அந்தச் சுமை பாதியாகும்.

நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், முடிந்தால் எழுதி வையுங்கள். யாரையாவது ஐசியுவில் வைத்திருந்தால், எண்களைக் கேட்கும் முன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "நாம எதை நோக்கிப் போயிட்டிருக்கோம் டாக்டர்?" நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.